நொய்யல் பாசி கோழிக்கு ஆகுமா?

கேள்வி: நொய்யல் ஆற்றங்கரையில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். தேங்கிய தண்ணீரில் படரும் பாசியை அள்ளித் தீவனமாகப் போடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டவே வேண்டாம். பாசி சத்தானதுதான். சுத்தமான தொட்டியில் வளர்க்கும் சுருள்பாசியின் (ஸ்பைருலினா) உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம். அதிலுள்ள நிறமிகள் மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் தரும். ஆனால், பாசி தான் வளரும் நீரிலுள்ள உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளும். நொய்யலில் பல்லாண்டு சாயக்கழிவு கலந்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றமே திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. மேலும், தேங்கிய நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகளில் சில, கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும்.

சுருள்பாசி விலை அதிகம். அதற்குப் பதிலாக, நல்ல தண்ணீரில் அசோலா என்னும் நீர்ப்பெரணியை வளர்த்து, நன்றாக அலசி, வழக்கமான தீவனத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அதை மட்டுமே முழுத் தீவனமாக நம்பாதீர்கள்.