படகை ஆற்றில் இறக்கும் முன்

முகாம் என்றாலே "அண்ணா, இந்த முறை படகு உண்டா?" என்ற கேள்வி வந்துவிடும். உண்டு. அதற்கு முன் ஒரு சின்னப் பாடம். நான் பொறியியல் மாணவன்; கொஞ்சம் கணக்கும் வரும், பயந்துடாதீங்க.

பகாங் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். ஜெலாய், தெம்பெலிங் ஆறுகள் சேர்ந்து உருவாகி, தெமர்லோ வழியாகப் போய், பெக்கான் அருகே தென்சீனக் கடலில் கலக்கிறது. தீபகற்ப மலேசியாவின் மிக நீளமான ஆறு இதுதான். நாம் நிற்கும் துறையில் வெயில் அடிக்கலாம். கேமரன் மலையில் பெய்த மழை பிறகு நம்மிடம் வந்து சேரும்.

1. முதலில் நீரைப் பாருங்கள்
நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, 20 நிமிடம் பொறுங்கள். நீர் குச்சியில் ஏறினாலோ, மரக்கட்டைகள் மிதந்து வந்தாலோ இறங்க வேண்டாம்.

2. கணக்கு
நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். 3 மீட்டர் நீளப் படகு 20 சென்டிமீட்டர் ஆழம் அமிழ்ந்து, ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கிறது என்போம். வினாடிக்கு 1 மீட்டர் ஓட்டம் அதை ஏறக்குறைய 30 கிலோ எடையளவு விசையோடு தள்ளும். 2 மீட்டர் ஆனால் 120 கிலோ! இரண்டு பேர் பிடித்து நிறுத்த முடியுமா, சொல்லுங்க?

3. கரையிலேயே தயாராகுங்கள்
அடிப்பகுதி வடிகால் துளையின் அடைப்பானை இறுக்குங்கள். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே அணிந்து, வார்களைக் கட்டுங்கள். சாமான்களைத் தாழ்வாக, நடுவில் வையுங்கள்.

4. இறக்கும் முறை
சரிவுத்தளத்தில் நீர் படும் இடம் பாசியால் வழுக்கும், மெதுவாக நடங்கள். படகின் முன்பக்கம் மேலோட்டத்தை நோக்கி இருக்கட்டும். கயிற்றைக் கையில் பிடியுங்கள். மணிக்கட்டிலோ இடுப்பிலோ சுற்றிக் கட்டாதீர்கள். படகு இழுத்தால் கயிற்றை விட்டுடுங்க. படகு போனால் வேறு வாங்கலாம்.

5. "இன்னிக்கு வேண்டாம்"
இதுதான் கடினமான பாடம். பேருந்துக்குப் பணம் கட்டியாச்சு, எல்லாரும் ஆசையாக நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் "வேண்டாம்" என்றால் கேலி செய்யாமல் கேட்கும் குழுவே நல்ல குழு. புறப்படும் முன்பே பேசி முடிவெடுங்கள்: யார் ஒருவர் மறுத்தாலும் படகு இறங்காது.

கலந்துரையாட:
அ. உங்கள் ஊர் ஆற்றுக்கு மழைநீர் எங்கிருந்து வருகிறது?
ஆ. உங்கள் குழுவில் வயதில் சிறியவர் "வேண்டாம்" என்றால் கேட்பீர்களா?