நம்பர் சொல்லாமலும் பில் வாங்கலாம்

தீபாவளி நெருங்கினால் திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. துணி எடுத்து பில் போடப் போனால் முதல் கேள்வியே "போன் நம்பர் சொல்லுங்க சார்" என்பதுதான். வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி நாமும் பத்து இலக்கத்தை ஒப்பிக்கிறோம். ஏன் என்று கேட்டால், ஆளுக்கொரு நம்பிக்கை.

நம்பிக்கை: நம்பர் தராவிட்டால் பில் கிடைக்காது.

உண்மை: நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்துவது முறையற்ற வணிக நடவடிக்கை என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்திவிட்டது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க" என்று சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

நம்பிக்கை: ஸ்ரீரங்கத்தில் ரூம் எடுக்க ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டும்.

உண்மை: வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் வாதாட யாருக்கும் பொறுமை இருக்காது, அதனால் நீட்டிவிடுகிறோம். தங்குபவர் யார் என்று விடுதி உறுதி செய்துகொள்வது நியாயம்தான். ஆனால் ஓட்டுநர் உரிமத்தையோ வாக்காளர் அட்டையையோ காட்டலாம். ஆதார்தான் என்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

நம்பிக்கை: என் தகவல் என் சொத்து என்று சட்டமே சொல்லிவிட்டது.

உண்மை: அப்படிச் சொல்லவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருவதும் உடைமையல்ல, உரிமைதான். ஒரு வகையில் இதுவே மேல். விற்ற மனைமேல் நமக்குப் பேச்சில்லை. கொடுத்த தகவலைப் பற்றியோ பிறகும் கேள்வி கேட்கலாம்.

நம்பிக்கை: கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது.

உண்மை: சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்; திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, விலக்குவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. இந்த உரிமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. ஒன்று கவனிக்க: லாட்ஜ் நோட்டில் பேனாவால் எழுதியது இந்தச் சட்டத்துக்குள் வராது, கணினியில் ஏற்றினால்தான் வரும்.

நம்பிக்கை: தகவல் கசிந்தால் எனக்கு நஷ்டஈடு கிடைக்கும்.

உண்மை: பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அது அரசு கஜானாவுக்குப் போகும்; பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் நஷ்டஈடு கிடையாது. ஆகவே கசிந்த பிறகு போராடுவதைவிட, கேட்கும்போதே "எதுக்குங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது லாபம்.