லேசர் ரேஞ்ச் பைண்டர்: பெட்டியில் உள்ள தூரமும் மானின் தூரமும்

16 ஜிபி என அச்சிட்ட பென் டிரைவை வாங்கி விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால், 14.9 ஜிபி என்றுதான் காட்டும். இதற்கே வருத்தப்படுகிறோம். லேசர் ரேஞ்ச் பைண்டர் எனப்படும் தூரம் அளக்கும் கருவியில் இந்த இடைவெளி இன்னும் பெரியது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் சித்தப்பா மகன், உரிமம் பெற்று மான் வேட்டைக்குப் போகிறவன். (நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதற்குத் தடை உள்ளது.) "அண்ணா, 1,000 கெஜம் என்று போட்டிருக்கிறது, வாங்கலாமா?" என்று போனில் கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கு தருகிறேன்.

பட்டனை அழுத்தியவுடன் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்பு புறப்பட்டு, எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறது. போய்வர ஆன நேரத்தை உள்ளே இருக்கும் சிப் கணக்கிடுகிறது. ஒரு நானோ செகண்டில் ஒளி செல்லும் தூரம் சுமார் 30 செ.மீ. 100 மீட்டர் தள்ளி நிற்கும் மானைத் தொட்டுத் திரும்ப 667 நானோ செகண்ட் போதும்.

ஆனால் திரும்பி வரும் ஒளி போதுமான அளவு இருக்க வேண்டுமே! சாலைப் பலகை போன்ற பளபளப்பான பரப்பு நிறைய ஒளியைத் திருப்பி அனுப்பும். மரம் அதைவிடக் குறைவு. மானின் ரோமம் இன்னும் குறைவு. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 1,000 கெஜம், பளபளப்பான பரப்புக்கு உரியது. நல்ல தயாரிப்பாளர்கள் மரம், மான் ஆகியவற்றுக்கான தூரத்தையும் தனித்தனியே தருகின்றனர். அந்த மான் கணக்கை மட்டும் பாருங்கள். ஒரே எண்தான் இருக்கிறது என்றால், மானுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது என்று வைத்துக் கொண்டு முடிவு செய்யுங்கள். நல்ல வெயில், மூடுபனி, மழை எல்லாம் தூரத்தை மேலும் குறைக்கும்.

விலை குறைவு என்று கோல்ப் விளையாட்டுக்கான மாடலை வாங்க வேண்டாம். அது பொதுவாக அருகில் உள்ள பொருளுக்கு, அதாவது கொடிக்கம்பத்திற்கு, முதலிடம் தரும். காட்டில் மானுக்கு முன்னால் உள்ள புல்லை அளந்துவிடும். வேட்டை மாடல்களில் தொலைவில் உள்ளதைக் காட்டும் வசதி இருக்கிறதா எனக் கேட்டு வாங்கவும்.

இவ்வளவு கவனம் எதற்கு? விநாடிக்கு 85 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பை எடுத்துக் கொள்வோம். 30 கெஜத்துக்குக் குறி வைத்து எய்த அம்பு, மான் 40 கெஜத்தில் நின்றால் சுமார் 20 செ.மீ. தாழ்ந்து போகும். மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதியே ஏறத்தாழ 20 முதல் 25 செ.மீ. அகலம்தான். காயத்தோடு ஓடும் மான் எங்கோ புதரில் துடித்துச் சாகும். அதனால்தான் கண் மதிப்பை நம்பாதே என்றேன்.

அடுத்து, கோணம் பார்த்துத் தூரத்தைத் திருத்தும் வசதி. மலைச் சரிவில் இது அவசியம். உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து, சயின்டிபிக் வகைக்கு மாற்றுங்கள். கோணம் டிகிரியில் இருக்கட்டும். 30 என டைப் செய்து, காஸ் பட்டனை அழுத்தி, 40ஆல் பெருக்குங்கள். 34.64 வரும். அதாவது 30 டிகிரி சரிவில் கருவி 40 கெஜம் என்று காட்டினால், 35 கெஜத்துக்கு உரிய குறி வைக்க வேண்டும். மேல்நோக்கி எய்தாலும் இதே கணக்குதான். ஆனால் 6 மீட்டர் உயரப் பரணில் இருந்து 18 மீட்டர் தள்ளி நிற்கும் மானை அளந்தால் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. சமவெளியில் வேட்டையாடுபவர் இதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வாங்கியவுடன் அளவு கெஜத்திலா மீட்டரிலா என்று செட்டிங்கில் பார்த்துக் கொள்ளவும். பின்னர் தெருவில் டேப் வைத்து 50 மீட்டர் அளந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். காட்டில் மான் வந்த பிறகு கருவியைத் தேடக் கூடாது. போய் உட்கார்ந்ததுமே சுற்றியுள்ள மரம், பாறை ஆகியவற்றின் தூரத்தை அளந்து சிறு தாளில் குறித்துக் கொள்ளவும். தூரம் அதிகமானால் கை நடுங்கினாலே குறி தப்பும். எனவே கையை மரத்தில் ஊன்றிக் கொண்டு இரண்டு மூன்று முறை அளக்க வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். உதிரி பேட்டரி ஒன்று சட்டையின் உள் பாக்கெட்டில் இருக்கட்டும்.