5 கிராம் கோட்டுக்குள் எவ்வளவு சீனி?

மாணவர்களே, அடுத்த முறை கடையில் ஒரு சுவைபானத்தை எடுக்கும்போது, போத்தலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஊட்டச்சத்துப் பட்டியலில் ‘ஜும்லா குலா’ என்று ஒரு வரி இருக்கும். ‘மொத்தச் சீனி’ என்பது அதன் பொருள். 100 மில்லிலிட்டர் பானத்தில் எத்தனை கிராம் சீனி உள்ளது என்பதை அங்குள்ள எண் காட்டும். இன்றைய பாடம் அந்த எண்ணைப் பற்றியது.

வரி வந்த கதை

2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் இனிப்புப் பானங்களுக்குக் கலால் வரி விதிக்கப்படுகிறது. ஆலையில் தயாராகி, அடைத்து விற்கப்படும் பானத்தில் 100 மி.லி.க்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால், லிட்டருக்கு 40 சென் வரி. பழச்சாறுகளுக்கு எல்லை 12 கிராம். பால் பானங்களுக்கு 7 கிராம். இவ்வரி 2024 ஜனவரியில் 50 சென்னாகவும், 2025 ஜனவரியில் 90 சென்னாகவும் உயர்ந்தது.

அளவுக்கு மீறிய சீனியைப் பற்றி நம் பினாங்கில் வெகுகாலமாகவே எச்சரிக்கைக் குரல் ஒலித்து வந்தது. ஜோர்ஜ்டவுனில் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் இதை வலியுறுத்தியது. அதன் நெடுநாள் தலைவர் எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் 2019 மே மாதம் காலமானார். வரி நடப்புக்கு வர அப்போது ஏறக்குறைய ஆறு வாரங்களே இருந்தன.

வரி எதற்கு? அதே 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் இந்நோய் மிக அதிகம். ஆகவே இது நம் வீட்டுக் கதையும்கூட.

இரத்தத்தில் ஒரு தேக்கரண்டி

ஒரு கணக்குப் போடுவோம். உடல்நலமுள்ள ஒரு பெரியவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. சாப்பிடாத வேளையில் ஒரு லிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 0.9 கிராம் குளுக்கோஸ் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 4.5 கிராம். அதாவது, முழு உடலின் இரத்தத்திலும் ஓடுவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைதான்!

இப்போது 100 மி.லி.க்கு 4.9 கிராம் சீனி உள்ள ஒரு பானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 5 கிராம் கோட்டைத் தாண்டாததால் இதற்கு வரி இல்லை. ஆனால் 500 மி.லி. போத்தல் முழுவதையும் குடித்தால் 24.5 கிராம் சீனி உள்ளே போகிறது. அது சுமார் ஆறு தேக்கரண்டி. ஒரு நாளைக்குச் சேர்க்கப்படும் சீனியை ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நன்மை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. ஒரே போத்தலில் அந்த அளவு தீர்ந்துவிட்டது! 5 கிராம் என்பது வரிக்கு வகுத்த கோடு. அதற்குள் இருப்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

குடலில் சீனி குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறியதும், கணையம் இன்சுலினைச் சுரந்து அதை உயிரணுக்களுக்குள் அனுப்புகிறது. பிரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகிறது. அளவு மீறும்போது கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது.

கொய்யாவிலும் இனிப்பு உண்டு. ஆனால் அதைக் கடித்து மெல்ல நேரமாகும். நார்ச்சத்து வயிற்றை நிரப்பும். பானமோ சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். பசியையும் அவ்வளவாகத் தணிப்பதில்லை. அதனால் குடித்த பிறகும் வழக்கமான சாப்பாட்டைக் குறைக்காமல் சாப்பிடுகிறோம். இப்படி நாள்தோறும் நடந்தால் உடல் எடை கூடும். உயிரணுக்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்க மாட்டா. நீரிழிவுக்கு வழி திறப்பது இங்கேதான். இரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் அதை முழுவதும் மீட்க இயலாமல் சிறுநீரில் கலக்கிறது. ‘இனிப்பு நீர்’ என்ற பெயர் வந்தது அதனால்தான்.

2010இல் வெளியான ஓர் ஆய்வு, 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. நாளுக்கு ஒன்றிரண்டு இனிப்புப் பானங்கள் குடிப்போருக்கு, மிக அரிதாகக் குடிப்போரைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது.

பற்களும் தப்புவதில்லை. வாயிலுள்ள பாக்டீரியா சீனியை அமிலமாக்குகிறது. அமில அளவு பிஎச் 5.5க்குக் கீழே இறங்கினால் பல் எனாமல் கரையத் தொடங்கும். வாயு கலந்த பானங்கள் தாமே அமிலத்தன்மை கொண்டவை. ‘சீனியில்லாதவை’யும் இதற்கு விலக்கல்ல.

பட்டியல் இல்லாத கோப்பை

கடையில் அங்கேயே கலக்கித் தரும் தே தாரேக், சிராப் பண்டோங் போன்றவற்றுக்கு இந்த வரியும் இல்லை. பின்பக்கம் பார்க்கப் பட்டியலும் இல்லை. தே தாரேக்கில் ஊற்றும் டின் பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனி. இங்கே நமக்குக் கைகொடுப்பவை இரண்டே சொற்கள்: ‘குராங் மானிஸ்’. இனிப்பைக் குறைத்துக் கேளுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். தாகம் எடுத்தால் முதலில் வெறும் தண்ணீர் குடியுங்கள்.

செய்து பாருங்கள்

வீட்டில் உள்ள மூன்று பானங்களின் பட்டியலைப் பாருங்கள். 100 மி.லி.க்குரிய சீனியை மொத்த மி.லி.யால் பெருக்கி, 100ஆல் வகுங்கள். கிடைத்த கிராமை 4ஆல் வகுத்தால் தேக்கரண்டிக் கணக்கு வரும். அத்தனை தேக்கரண்டிச் சீனியை ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு வீட்டாரிடம் காட்டுங்கள். குறிப்பாக, வீட்டில் நீரிழிவுள்ள தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள்.