எக்சோஸ்ட் பிரேக் சுவிச்சை கியர் லீவரில் பொருத்தலாமா?



நுவரெலியாவில் கரட்டும் லீக்சும் கோவாவும் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் சந்தை வரைக்கும் போய், அங்கிருந்து தேங்காய் ஏற்றித் திரும்பும் லொறிகளில் நம்ம பிள்ளைகளும் டிரைவராக, கிளீனராக இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கேட்கும் கேள்விதான் மேலே உள்ளது. இது டிரைவர்மாருக்கு மட்டும் என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். லொறியில் போகிறவர் நம்ம வீட்டு ஆள். வளைவில் எதிரே வரும் வேனில் இருப்பதும் நம்ம ஆட்களாக இருக்கலாம்.

எக்சோஸ்ட் பிரேக் என்பது சக்கரத்தில் பிடிக்கும் பிரேக் அல்ல. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் ஒரு தட்டு வால்வு இருக்கிறது. சுவிச்சைப் போட்டு, எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அந்த வால்வு மூடிக்கொள்ளும். புகை போக வழியில்லாமல் எஞ்சின் திணறும். அந்தத் திணறல் கியர் பெட்டி வழியாகப் பின் சக்கரங்களுக்குப் போய் லொறியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் இருந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இது ஏன் வேண்டும்? ஒரு கணக்குப் பாருங்கள். நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி சுமார் 500 மீற்றர். றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக இறங்கும்போது 1,300 மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். சுமையோடு 8 தொன் உள்ள லொறி அவ்வளவு இறங்கினால், ஏறக்குறைய 3 லீற்றர் டீசலை எரித்தால் வரும் அளவு சூட்டை எங்கேயாவது தள்ளியாக வேண்டும். முழுவதையும் கால் பிரேக்கிலேயே போட்டால் டிரம் பழுக்கும், லைனிங் கருகும், பிரேக் ஒயில் கொதிக்கும். பிறகு பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வெளிநாட்டிலும் இதே கதைதான். எஞ்சின் கம்பெனி நடத்திய கிளெசி கமின்ஸ் என்பவர் 1931ல் கலிபோர்னியாவின் கஜோன் கணவாயில் லொறியில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல், ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அவர் யோசித்து உருவாக்கிய வேறொரு வகை எஞ்சின் பிரேக் 1961ல் விற்பனைக்கு வந்தது. நம்ம பக்கமும் 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல பாதையில் பஸ் மோதி 7 பேர் இறந்ததை மறக்கவில்லை.

சரி, சுவிச்சுக்கு வருவோம். ஜப்பான் லொறிகளில் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டிலேயே இது இருக்கும். அது நல்லபடியாக வேலை செய்தால் மாற்றத் தேவையில்லை, அந்தக் காசுக்கு லைனிங் போடுங்கள் என்பது என் எண்ணம். தண்டு உடைந்து போய், யாரோ டாஷ் போர்டின் மூலையில் ஒரு சுவிச்சை ஆணியடித்த மாதிரி வைத்திருந்தால் கதை வேறு. இறக்கத்தில் குனிந்து அதைத் தேடக்கூடாது. நம்ம நாட்டு லொறியில் இடது கை எப்படியும் கியருக்குப் போகும். இறக்கம் தொடங்குமுன் கியரைக் குறைக்கும் அதே கையில், அதே நேரத்தில் சுவிச்சையும் போடலாம். கியர் லீவரின் நன்மை அதுதான்.

போடுவதை விட, நிறுத்துவதற்குத்தான் அது இன்னும் உதவும். எக்சோஸ்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். றம்பொடையில் மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது, வெறும் லொறி என்றால் பின்பக்கம் வழுக்கும். அந்த நேரத்தில் விரல் ஒரு தட்டுத் தட்டினால் விட வேண்டும்.

ஆகவே அமுக்கிப் பிடித்திருந்தால் மட்டும் வேலை செய்யும் பொத்தான் வாங்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தள்ளினால் அப்படியே நிற்கும் சுவிச்தான் சரி. அதைக் குமிழின் உச்சியில் வைத்தால் கியர் மாற்றும்போது உள்ளங்கை பட்டு மாறிவிடும், பக்கவாட்டில் பெருவிரல் எட்டும் இடத்தில் வையுங்கள். பெரிய லொறிகளில் குமிழிலேயே கியர் மாற்றும் சுவிச் ஒன்று இருக்கும். அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். வால்வுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் அந்தச் சின்னச் சுவிச் வழியாகப் போகாமல் ஒரு ரிலேயும் பியூசும் போடச் சொல்லுங்கள்.

கராஜில் அவசரத்தில் விடும் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. எக்சிலேட்டரிலும் கிளச்சிலும் சின்னச் சுவிச்சுகள் உண்டு. அவற்றில் எதை மிதித்தாலும் எக்சோஸ்ட் பிரேக் தானாக விடுபடும். புது வயர் அந்த இரண்டையும் தாண்டி நேராகப் போனால், வால்வு மூடியிருக்கும்போதே எஞ்சினுக்கு டீசல் போகும். கரும்புகை வரும், எஞ்சின் சூடேறும், கிளச்சை மிதித்தால் எஞ்சின் நின்றும் போகலாம். பழைய சுவிச் இருந்த அதே வயரில்தான் புதுச் சுவிச் வர வேண்டும்.

இன்னொன்று, டாஷ் போர்டில் ஒரு சின்ன லாம்பு. இது கொடிகாமம் போகிறவருக்கு மிக அவசியம். கண்டியிலிருந்து ஏ9 பாதையில் அக்குறணை தாண்டி பலகடுவ இறக்கத்தில் போட்ட சுவிச், மாத்தளை, தம்புள்ளை தாண்டி வவுனியா வரைக்கும் மறந்து கிடக்கும். கொடிகாமம் தரைமட்டமான ஊர், அங்கே இதற்கு வேலையே இல்லை. போட்டபடி ஓடினால் காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் லொறி மெதுவாகும், ஆனால் பழைய லொறிகளில் பின்னால் சிவப்பு லைட் எரியாது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற தம்பிக்கு என்ன தெரியும்?

எவ்வளவு நல்ல சுவிச்சானாலும் மேல் கியரில் இறங்கினால் எக்சோஸ்ட் பிரேக் பெரிதாகப் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்மார் சொல்வது இதற்கும் பொருந்தும். கொழுந்து ஏற்றும் டிரக்டருக்கு எக்சோஸ்ட் பிரேக்கே கிடையாது, அதற்குக் கியர்தான் கதி.

வேலை முடிந்ததும் கராஜிலேயே பாருங்கள். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, கிளீனர் வால்வின் கம்பியைப் பார்க்கட்டும். சுவிச் போட்டால் கம்பி அசைய வேண்டும். எக்சிலேட்டரைத் தொட்டால் திரும்ப வேண்டும். கிளச்சை மிதித்தாலும் திரும்ப வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி, லீவரை எல்லாக் கியருக்கும் தள்ளிப் பார்த்து, கெபினையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். வயர் எங்கேயாவது இழுபட்டால் அதை நீளமாக்கித் தரச் சொல்லுங்கள், அந்த வேலை முடியாமல் சுமை ஏற்ற வேண்டாம்.