இருபது நிமிடப் பாடம்

கேள்வி: தரம் 4இல் படிக்கும் மகனுக்குத் தினமும் வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுப்பதா, சனி ஞாயிறு டியூஷன் போதுமா? (வாசகி, ஹட்டன்)

பதில்: தினமும் இருபது நிமிடம் என்பதே என் கட்சி. படித்ததில் பெரும்பகுதி ஓரிரு நாளில் மறந்துவிடுகிறது, இடைவெளி விட்டு மீட்டினால்தான் தங்குகிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே தம்மையே சோதித்துக் காட்டினார். சனிக்கிழமை மூன்று மணி நேரம் திணித்தது புதன்கிழமை எங்கே இருக்கும்? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் இருக்கிறதே என்பீர்கள். பழைய வினாத்தாள் பயிற்சி வேண்டியதுதான், ஆனால் அதற்கு அடுத்த வருடம் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக் களைத்து வரும் தாய் என்ன சொல்லிக் கொடுப்பாள் என்பது கனமான ஆட்சேபம். இலவசக் கல்வி 1945இல் வந்தும், தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கியது 1970களில்தான். பெற்றோர் படிக்காமல் போனது அவர்கள் குற்றமல்ல. ஆனால் இந்த வயதுப் பாடத்துக்குப் பொருள் வீட்டிலேயே கிடக்கிறது. இன்று பறித்த கொழுந்து எத்தனை கிலோ, பைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள், மிச்சம் எவ்வளவு? இது கணிதம் (தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குத்தான் பிடிக்காது). காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் களனி கங்கைக்கு எப்படிப் போகிறது என்பது சுற்றாடல். பல பாடம் கலந்தால் பிள்ளை குழம்பும் என்ற பயமும் வேண்டாம். பாடசாலையிலும் மணியடித்தால் வேறு பாடம்தானே. ஒரு நாளைக்கு இரண்டு பாடம் போதும். இரண்டாம் மொழியான சிங்களத்துக்குத் தனி நேரம்கூட வேண்டாம்: பஸ் பலகையில் தமிழ் ஊர்ப்பெயரை மறைத்துக்கொண்டு சிங்களத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்.