லயத்தில் ஓர் அருங்காட்சியகம்

முத்துக்குளித்துறையாக உலகறிந்த தூத்துக்குடிக்குத் துயரம் தோய்ந்த மற்றொரு வரலாறும் உண்டு. 1876ஆம் ஆண்டு இருப்புப்பாதை இத்துறைமுகத்தை எட்டியது. பஞ்சமும் கடனும் துரத்த, உள்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட உழவுத் தொழிலாளர் பலர் இங்கே கப்பலேறிக் கொழும்பு சென்றனர். நோய்த்தொற்று அச்சத்தால் அவர்களைத் தங்கவைத்து ஆய்ந்தனுப்பும் முகாம் ஒன்று அருகிலுள்ள தட்டப்பாறையில் இருந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர்க்கு, 1901ஆம் ஆண்டளவில் தகர வில்லை வழங்கும் முறை ஏற்பட்டது. வில்லையில் அணிந்தவரின் பெயர் இராது. அவர் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண்ணே பொறிக்கப்பட்டிருக்கும். வழிச்செலவு அவர் கணக்கில் கடனாக ஏறும். கடனைத் தீர்ப்பவர்க்குத் தொழிலாளியை விட்டுக்கொடுப்பதாகத் தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஆளுக்குக் கடனே விலையான இம்முறை 1921இல்தான் ஒழிந்தது.

இம்மக்கள் குடியிருந்த வரிசை வீடுகளே லயங்கள். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை. பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையலும் பேறுகாலமும் சாவும் அதற்குள்ளேயே. கண்டிக்கு அருகே கம்பளைப் பகுதியில் அத்தகைய பழைய லயம் ஒன்று 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாயிற்று. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் இதனை அமைத்தது. வறியோரை அடைத்து வேலைவாங்க இங்கிலாந்தின் சௌத்வெல்லில் 1824இல் எழுப்பிய கட்டடமும் இன்று அருங்காட்சியகமே.

கம்பளையில் காட்சிக்கு இருப்பவை சமையற்கலங்கள், தொழிற்கருவிகள், அணிகலன்கள், இசைக்கருவிகள், பழைய ஆவணங்கள் முதலியன. இவற்றைவிட அந்த அறையே பெரிய சான்று என்பது என் கருத்து. தோட்ட நிருவாகத்தின் ஏடுகள் கொழுந்தின் எடையையும் ஆள்களின் தொகையையும் சொல்லும். ஒரு தாய் அடுப்புக்கும் பாய்க்கும் எவ்வாறு இடம் பிரித்தாள் என்பதை அந்தச் சுவர்களிடமே கேட்க வேண்டும்.

எண்ணால் மக்களை அளக்கும் வழக்கம் தகர வில்லையோடு நின்றுவிடவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னர் எடுக்க ஒத்திவைக்கப்பட்டது. உறவுகள் கடலின் இருகரையிலுமாகப் பிரிந்தன.

அருங்காட்சியகத்தைக் கண்டு வெளியேறுவோர், மலையகத் தோட்டங்களில் அதே அமைப்பிலான லயங்களை இன்றும் காணலாம். அவற்றில் மக்கள் குடியிருக்கின்றனர்.